தொட்டியிலும் முல்லை பூக்கும்

மொட்டை மாடியிலும் வாசல் ஓரத்திலும் தொட்டியில் முல்லை வளர்ப்போர் பலர். முதலில் ஓரளவு பூக்கும் கொடி, இரண்டு மூன்று ஆண்டுகளில் பச்சைப் பசேலென்று படர்ந்து நிற்குமே தவிர, பூ கொடுப்பதில்லை. ‘மலட்டுக் கொடி’ என்று முடிவு கட்டிப் பிடுங்கி எறிந்து விடுவதும் உண்டு. பெரும்பாலும் குறை கொடியில் இல்லை. வெயில் போதாமையும், கவாத்து செய்யாமையுமே காரணம்.

தொட்டியும் இடமும்

வாய் அகலமும் ஆழமும் 45 செ.மீ. உள்ள தொட்டி ஏற்றது. அடித்துளைகளை ஓட்டுச் சில்லுகளால் மூடி, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்ப வேண்டும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பரி முல்லை, கோ.1, கோ.2 ஆகிய ரகங்களில் ஒன்றை வாங்கி நடலாம். நன்கு பூக்கும் கொடியிலிருந்து பதியன் எடுத்தும் நடலாம். ஜூன் முதல் நவம்பர் வரை நடவுக்கு ஏற்ற காலம்.

முல்லை அறைக்குள் வைத்து அழகு பார்க்கும் செடி அன்று. நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். நிழலில் இலை மட்டுமே பெருகும். பறம்பு மலைப் பாரி முல்லை படரத் தன் தேரையே ஈந்தான். வீட்டு முல்லைக்கு நான்கு மூங்கில் குச்சிகளும் கொஞ்சம் கயிறும் போதும்.

கவாத்து

புதிதாக வரும் தளிர்களில்தான் முல்லை மொட்டு விடும். கவாத்து செய்யாத கொடியில் முற்றிய கிளைகளே மிகுந்து, புதுத் தளிர்கள் குறைந்து விடும். ஆசையாக வளர்த்த கொடியை வெட்ட மனம் வராது. ஆனால் வெட்டினால்தான் பூ. ஜனவரி கடைசி வாரத்தில், தரையிலிருந்து 45 செ.மீ. உயரம் விட்டு எல்லாக் கிளைகளையும் வெட்டி விட வேண்டும். காய்ந்த, நலிந்த குச்சிகளை அடியோடு நீக்கி, இலைகளையும் உருவி விடலாம். அடுத்த சில வாரங்களில் துளிர்க்கும் கொடி, கோடையில் பூக்கத் தொடங்கும்.

உரமும் நீரும்

கவாத்து முடிந்ததும் ஒரு முறையும், ஜூன்–ஜூலையில் ஒரு முறையும் மேல் மண்ணைக் கிளறி, தொழு உரமும் ஒரு கைப்பிடி எலும்புத் தூளும் இடலாம். கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்து, நிறைய நீர் கலந்து மாதம் ஒரு முறை ஊற்றலாம். யூரியாவை அள்ளி இட்டால் இலைதான் மிகும்.

தினமும் ஊற்றுகிறோம் என்பது பெருமையன்று. விரலால் தொட்டுப் பார்த்து, மேல் மண் காய்ந்திருந்தால் மட்டும் நீர் விட வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி, இலை மஞ்சளாகும். நீர் தேங்காமலே, இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற பகுதி மஞ்சளித்தால், அது இரும்புச் சத்துக் குறைவு. ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி கரைத்து, நிறம் திரும்பும் வரை மாதம் ஒரு முறை தெளிக்கலாம்.

பூச்சிகள்

வறண்ட நாட்களில் இலையின் அடியில் செஞ்சிலந்திப் பேன் சேரும். அடிப்பக்கம் படும்படி நீரைப் பீய்ச்சிக் கழுவலாம். குறையாவிட்டால், நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து, மாலையில் தெளிக்கவும். மொட்டுப் புழு துளைத்த மொட்டுக்களைக் கிள்ளி அழித்து விட வேண்டும். தலையில் சூடும் பூவாதலால், வீட்டுக் கொடிக்குக் கடும் பூச்சி மருந்துகள் வேண்டாம்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, கவாத்தின்போதே வேர்க்கட்டியின் ஓரத்தைச் சீவி, மண் மாற்றி நடுவது நலம். மாலையில் மலரும் முல்லையை, மொட்டு முற்றி வெளுத்ததும் பொழுது சாயுமுன் பறித்துத் தொடுத்தால், இரவெல்லாம் மணக்கும். பூக்காத கொடியைப் பிடுங்கும் முன், ஒரு ஜனவரி கவாத்து செய்து பார்க்கட்டும்.