சிறு விமானமும் அதன் வாடகைக் கொட்டகையும்

1903ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17ஆம் நாளன்று, அமெரிக்காவின் வட கரோலினாக் கடற்கரையிலே ரைட் சகோதரர்கள் தம் இயந்திரத்தை நான்கு முறை பறக்கவிட்டனர் என்பதும், நான்காம் முறை அது 59 விநாடி வானில் நின்று 852 அடி தூரம் சென்றது என்பதும் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தி. அதன்பின் நிகழ்ந்ததைப் பலர் அறியார். இறங்கிய இயந்திரத்தைத் தூக்கி வந்து கொட்டகையருகே வைத்துவிட்டு அவர்கள் பேசிக்கொண்டிருக்கையில், திடீரென ஒரு காற்று வீசி அதனைப் புரட்டி எறிந்தது. அதைப் பற்றிப் பிடித்தவர் ஒருவரும் அதனோடு சேர்ந்து உருண்டார். இறங்கும்போது உண்டான பழுது சில நாளில் செப்பனிடக் கூடியதே. சும்மா நின்றபோது நேர்ந்த சேதத்துக்குப் பின் அவ்வியந்திரம் மீண்டும் பறக்கவேயில்லை.

தனியார் ஒருவர் தம் சொந்த விமானத்தில் ஆண்டுக்கு நூறு மணி நேரம் பறப்பாராயின், அவர் அதனை நன்கு பயன்படுத்துகின்றார் எனலாம். ஓராண்டுக்கு 8,760 மணி. எஞ்சிய 8,660 மணி நேரமும் அவ்விமானம் திருவிழா முடிந்து நிலைக்கு வந்த தேரைப்போல் அசைவற்று நிற்கின்றது. அக்காலமெல்லாம் அது எங்கே நிற்பது, எதன் கீழ் நிற்பது, அவ்விடத்துக்கு உரியவர் யார், அவருக்கு என்ன கொடுப்பது என்னும் வினாக்கள், பறக்கக் கற்பவர் தொடக்கத்தில் எண்ணிப் பாராதவை. ஆனால் பின்னர் அவர் பறப்பதும் பறவாததும் பெரும்பாலும் இவற்றையே பொறுத்தவை. ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஏறக்குறைய இரண்டு லட்சம் சிறு விமானங்களும், பொதுமக்கள் பயன்படுத்தத் தக்க சுமார் ஐயாயிரம் விமான நிலையங்களும் இருத்தலால், அந்நாட்டு வழக்கத்தைக் கொண்டே இதனை விளக்குவாம்.

முதலில், கொட்டகை எதற்கு? வெளியே கயிற்றால் கட்டி வைத்தால் ஆகாதோ? கட்டி வைப்போர் பலர் உண்டு. தளத்தில் பதித்த இரும்பு வளையங்களுடன் இரு இறக்கைகளையும் வாலையும் பிணிப்பர், செலவும் குறைவு. ஆனால் இறக்கையின் இயல்பை எண்ணிப் பார்க்க வேண்டும். தான் காற்றை நோக்கி ஓடுகின்றதோ, காற்று தன்னை நோக்கி ஓடி வருகின்றதோ என்பது இறக்கைக்குத் தெரியாது. இதுவரை 44,000க்கு மேல் செய்யப்பட்ட செஸ்னா 172 என்னும் நான்கு பேர் அமரும் விமானம் மணிக்குச் சுமார் 55 மைல் வேகத்திலேயே வானில் தரித்து நிற்க வல்லது. அவ்வேகத்தை ஒத்த புயல் எதிரே வீசுமாயின், நிற்கும் விமானமும் மேலெழ முயலும். அப்போது அதற்கும் நாசத்துக்கும் இடையே நிற்பன மூன்று கயிறுகளே.

புயல் அரிது என்போமாயின், வெயில் அரிதன்று. 1938 முதல் 1947 வரை செய்யப்பட்டு இன்னும் பறந்து வரும் பைப்பர் கப் போன்ற பழைய விமானங்கள் துணி போர்த்தவை. வெயில் அத்துணியின் உரத்தைச் சிறிது சிறிதாக உண்டுவிடும். அலுமினியத் தோலுடையவற்றுக்கு ஆலங்கட்டி மழை பகை. அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்கே கனமுள்ள தகடு ஒரே மாலையில் அம்மை வடு கண்ட முகம்போல் ஆகிவிடும். ஈரக்காற்றோ உள்ளே புகுந்து வேலை செய்வது. லைகமிங் கம்பெனியார் செய்யும் இயந்திரங்களில் வால்வுகளை இயக்கும் தண்டு மேற்புறத்தில் அமைந்திருப்பதால், பல வாரம் ஓடாது நின்றால் எண்ணெய் வழிந்திறங்கி அத்தண்டு வறண்டு துருப்பிடிக்கும். கொட்டகை இதனை முற்றும் தடுக்காது. பறப்பதே இதற்கு மருந்து. ஆயினும் வெளியே பனியில் நனைவதைவிட உள்ளே நிற்பது எவ்வளவோ மேல்.

பறவைகளையும் குளவிகளையும் மறத்தலாகாது. இயந்திர மூடிக்குள் குருவி கூடு கட்டுவதற்கு அரை நாள் போதும். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் டொமினிக்கன் குடியரசில் பெரிய விமானம் ஒன்று கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர்; வேகங்காட்டும் கருவிக்குக் காற்றைக் கொண்டு செல்லும் சிறு குழலை மண்கூடு கட்டும் குளவி அடைத்திருக்கலாம் என்பது விசாரணை செய்தோர் கருத்து. அவ்விமானம் அதற்கு முன் சில வாரங்கள் பறவாமல் தரையில் நின்றிருந்தது. குளவி கொட்டகைக்குள்ளும் வரும். ஆதலின் கொட்டகை பெற்றவரும் குழலுக்கு உறை இட மறத்தல் கூடாது.

கொட்டகைகளுள் இருவகை பெருவழக்கு. ஒன்று, பல விமானங்களை ஒரே கூரையின் கீழ் நெருக்கி நிறுத்தும் பொதுக் கொட்டகை. உயர்ந்த இறக்கையுடையதன் கீழே தாழ்ந்த இறக்கையுடையதைச் செருகி, சதுரங்கக் காய்களைப்போல் அவற்றை அடுக்குவர். உரியவர் வேண்டும்போது நிலையத்து ஆட்கள் மற்றவற்றை இழுத்து அப்புறப்படுத்தி அவருடையதை வெளியே கொணர்வர். வாடகை குறைவாயினும், பிறர் கை படுவதால் இறக்கை நுனியிலும் வாலிலும் சிறு கீறலும் நசுங்கலும் உண்டாவது இயல்பு. மற்றொன்று, ஆங்கில எழுத்தாகிய ‘டி’யின் வடிவில் அமைந்த தனிக் கொட்டகை. சிறு விமானம் முன்னே அகன்று பின்னே ஒடுங்கியது; ஆகவே அறையும் அவ்வாறே அமைகின்றது. ஒன்றின் ஒடுங்கிய வாற்புறம், பின்வரிசையில் உள்ள இரண்டின் வாற்புறங்களுக்கு நடுவே பொருந்துமாறு கட்டுவதால், ஒரே நீண்ட கட்டடத்தில் பல விமானங்கள் வீணிடம் இன்றி அடங்கும். மேற்சொன்ன செஸ்னாவின் இறக்கை நுனிக்கு நுனி 36 அடி. வாயில் நாற்பது அடிக்குச் சற்று மேற்பட்டதாயிருக்கும். ஒவ்வொரு பக்கமும் எஞ்சுவது இரண்டு மூன்று அடியே. எளிய அமைப்புத்தான், ஆனால் இதனைக் கண்டபோது கணக்கறிந்தவர் கைவண்ணம் என எண்ணாதிருத்தல் அரிது.

இத்தகைய அறைக்குச் சிற்றூர்களில் மாதம் ஒன்றுக்குச் சில நூறு டாலர் போதும். பெருநகரங்களின் அருகே ஆயிரம் டாலரைத் தாண்டுவதும் உண்டு. ஆனால் பணம் இருந்தாலும் இடம் கிடைப்பதில்லை என்பதே பல நிலையங்களின் நிலை. பெயரைப் பதிந்து முன்பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டு காத்திருப்போர் உளர். ஒருவர் விமானத்தை விற்றால் கொட்டகை உரிமை வாங்குவோருக்குச் செல்வதில்லை. அது வரிசையில் முன்னிற்பவருக்குரியது. ஆதலின் பறப்பதை நிறுத்திவிட்ட முதியோர் சிலர், ஒருமுறை விட்டால் மறுமுறை கிட்டாதென்று அஞ்சி, பறக்க இயலாத விமானத்தையோ, விமானமே இல்லாத அறையையோ வாடகை செலுத்தி வைத்துக்கொண்டிருப்பர். உள்ளே படகும் பழைய மோட்டார் வண்டியும் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமானும் நிழலில் இருக்க, வெளியே புத்தம் புதிய விமானம் மழையில் நனைந்துகொண்டிருக்கும்.

இது அரசாங்கத்தார் கவனத்துக்கும் வந்தது. மத்திய அரசாங்கத்திடமிருந்து உதவிப்பணம் பெற்ற நிலையங்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவை. அந்நிலையங்களிலுள்ள கொட்டகைகள் விமான காரியத்திற்கே பயன்பட வேண்டும் என்பதனை விளக்கி, விமானப் போக்குவரத்துத் துறையினர் 2016ஆம் ஆண்டில் ஒரு கொள்கையை வெளியிட்டனர். அது 2017 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. விமானத்தின் போக்குவரவுக்குத் தடையாகாத நாற்காலி முதலியவற்றை அவர்கள் விலக்கவில்லை, குடியிருப்பதை விலக்கினர். தம் கையாலேயே விமானம் செய்வோரின் வேலையும் விமான காரியமே என ஒப்புக்கொண்டது அக்கொள்கையின் நற்பகுதி. முன்னர், பாகங்களைப் பூட்டி முடிக்கும் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே கொட்டகை தகும் எனக் கருதியோரும் இருந்தனர். சட்டம் சரியே, ஆயினும் ஒவ்வோர் அறையையும் திறந்து பார்ப்பது ஊராருடன் பகை கொள்ளும் வேலை. அதனை விரும்பி மேற்கொள்ளும் நிலைய அதிகாரிகள் எத்தனை பேர் இருப்பர்?

இடம் கிடைத்தவர் கையொப்பம் இடுமுன் கதவைத் தாமே திறந்து மூடிப் பார்க்க வேண்டும். நகர்த்தும் கதவாயின் குளிர்நாடுகளில் அடியிலுள்ள தண்டவாளத்தில் பனி உறைந்து அசையாது. மின்சாரத்தால் மேலே மடியும் கதவாயின் மின்சாரம் நின்றபோது திறக்க வழியுண்டா எனக் கேட்கவேண்டும். புயலிலும் முதலில் தோற்பது கதவே. அது உடைந்தால் காற்று உட்புகுந்து கூரையைத் தூக்கிவிடும். 1992 ஆகஸ்டு 24இல் ஆண்ட்ரூ என்னும் புயல் புளோரிடாவின் தென்பகுதியைத் தாக்கியபோது, மியாமியை அடுத்த டாமியாமி நிலையத்தில் கொட்டகைகளே சிதைந்தன. அரிய பழைய விமானங்களைக் காத்து வைத்திருந்த காட்சிசாலையும் அவற்றுள் ஒன்று.

ஒப்பந்தத்தில் சில வாசகங்கள் ஏறக்குறைய எங்கும் ஒன்றே. நிலையத்தார் முப்பது நாள் அறிவிப்பில் வெளியேற்றலாம். வாடகைக்கிருப்பவர் இன்ஷூரன்ஸ் செய்திருக்க வேண்டும். கூரை வீழ்ந்து விமானம் நசுங்கினும் நிலையத்தார் பொறுப்பல்லர். பெட்ரோல் சேமித்தலும் வர்ணம் தெளித்தலும் கூடா. எண்ணெய் மாற்றுதல், சக்கரம் கழற்றுதல் முதலிய சிறு வேலைகளை விமானமுடையவர் தாமே செய்துகொள்ளச் சட்டம் இடந்தருகின்றது.

காத்திருக்கப் பொறாதவருக்கு வேறொரு வழியும் உண்டு. நிலையத்தின் நிலத்தை இருபது அல்லது முப்பது ஆண்டுக்குக் குத்தகையாகப் பெற்று, தம் செலவில் கொட்டகையைக் கட்டிக்கொள்ளலாம். கெடு முடிந்ததும் கட்டடம் நிலையத்துக்கே சேரும் என்று பல குத்தகைகள் கூறும். அதன்பின் தாம் கட்டிய கொட்டகைக்கே ஒருவர் வாடகை செலுத்த நேரிடும். நிலம் பொதுச்சொத்து, கெடுவும் தெரிந்தே ஏற்றது என்பர் ஒரு சாரார். அவர் கூற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் கெடு முடியப் பத்தாண்டு இருக்கும்போதே அக்கொட்டகையை வாங்குவார் அருகிவிடுவர். ஐந்தாண்டு இருக்கையில் கூரை ஒழுகினாலும், தமதாகப் போகாத அதனைச் செப்பனிட எவருக்கும் மனம் வருவதில்லை.