சாவி எந்த ஊர்ச் சொல்?

புளியந்தோப்பில் கால்பந்து இல்லாத மாலை கிடையாது. என் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், தமிழ்ப் பாடவேளையில் திடீரென்று, "மெஸ்ஸி வீட்ல என்னா பாஷை பேசுவாரு மிஸ்?" என்றான். "ஸ்பானிஷ்" என்றேன். "அதுல ரெண்டு வார்த்தை சொல்லுங்க மிஸ்" என்று வகுப்பே கேட்டது.

எனக்குத் தெரிந்த மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன்: மேசா, அர்மாரியோ, தோவாயா. பொருளை ஊகிக்கச் சொன்னேன். முதல் சொல்லுக்கு என் மேசையைக் காட்டினார்கள். அடுத்ததற்கு அலமாரியை. மூன்றாவதற்குச் சற்று நேரமானது. பிறகு ஒரு மாணவி மெதுவாக, "துவாலையா மிஸ்?" என்றாள். மூன்றும் சரி!

"இந்த வார்த்தைங்க எப்படி மிஸ் நம்மகிட்ட வந்துச்சு?"

கப்பலில் வந்த சொற்கள்

ஸ்பானிஷும் போர்த்துகீசியமும் லத்தீன் வழிவந்த சகோதர மொழிகள். நம் கரைக்கு வந்தவர்கள் போர்த்துகீசியர். 1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெறுவதற்குச் சுமார் நூறு ஆண்டுகள் முன்பே அவர்கள் சாந்தோமில் குடியேறியிருந்தார்கள். அவர்களோடு புதிய பொருள்களும் அவற்றின் பெயர்களும் வந்து சேர்ந்தன.

இதற்கு ஜன்னலே சாட்சி. ஸ்பானிஷில் அது 'வெந்தானா', போர்த்துகீசியத்தில் 'ஜனேலா'. சாவியும் அப்படித்தான். ஸ்பானிஷில் 'யாவே', போர்த்துகீசியத்தில் 'சாவே'. சாளரமும் திறவுகோலும் நம்மிடம் இருந்தும், இந்தச் சொற்களும் வீட்டுக்குள் இடம்பிடித்துவிட்டன. துறைமுகத்துப் பீப்பாய், காசிமேட்டு மீன் ஏலம் ஆகியவற்றில் வரும் பீப்பாயும் ஏலமும்கூட அவ்வழியே வந்தவைதான். அன்னாசி, கொய்யா, பப்பாளி ஆகிய பழங்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து தம் பெயரையும் கொண்டுவந்தன.

'மேஸ்திரி' என்ற சொல்லில்தான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. போர்த்துகீசிய 'மெஸ்த்ரே' தொழில் தேர்ந்தவரையும் குறிக்கும், ஆசிரியரையும் குறிக்கும். அதன் உறவுச் சொல்லான 'மாயெஸ்த்ரோ' ஸ்பானிஷில் பள்ளி ஆசிரியருக்குப் பெயர். "அப்போ எங்கப்பாவும் நீங்களும் ஒண்ணா மிஸ்?" என்றான் கட்டட மேஸ்திரியின் மகன். "ஆமாம்" என்றேன்.

நான் திருத்திய சொல்

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டின் தொடக்கத்தில், சுற்றுலாவுக்கு ஏன் பெயர் கொடுக்கவில்லை என்று ஒரு மாணவனைக் கேட்டேன். "வீட்ல துட்டு இல்ல மிஸ்" என்றான். "துட்டு என்று சொல்லாதே, பணம் என்று சொல்" என்றேன். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து அவன் எனக்குத் தலையசைப்பில் மட்டுமே பதில் சொன்னான். அவன் சொன்ன செய்தியை விட்டுவிட்டுச் சொல்லைத் திருத்தியிருக்கிறேன் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மறுநாள் கரும்பலகையில் 'துட்டு' என்று நானே எழுதினேன். நமக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை அமைத்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்களின் சிறு செப்புக் காசு 'டொய்ட்'. அதுதான் துட்டு. "இது அலமாரி, சாவி மாதிரியே கடல் கடந்து வந்த சொல். அன்றைக்கு நான் அவனைத் திருத்தியது தவறு" என்று வகுப்பின் முன்னிலையில் சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்தான்.

வகுப்பில் செய்து பார்க்க

ஒவ்வொருவரும் வீட்டிலோ தெருவிலோ கேட்ட ஒரு சொல்லைக் கொண்டுவர வேண்டும். சொல், சொன்னவர், சொன்ன இடம், தோற்றம் என நான்கு கட்டங்கள். தோற்றத்தைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் பார்க்கலாம். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அந்த அகராதி, பல சொற்களுக்கு மூலமொழியையும் குறிப்பிடுகிறது.

ஒரு எச்சரிக்கை அவசியம். ஒலி ஒத்திருந்தால் மட்டும் உறவாகிவிடாது. ஆங்கில 'ஒன்'னும் தமிழ் 'ஒன்று'ம் ஒலியிலும் பொருளிலும் நெருங்கினாலும் தொடர்பில்லாதவை. எந்த வழியாக, யார் மூலம் வந்தது என்ற வரலாறும் பொருந்த வேண்டும்.

நம்மிடமிருந்து போன சொற்களையும் தேடச் சொல்லுங்கள். கட்டுமரம் ஸ்பானிஷில் 'கத்தமரான்'. தமிழ், மலையாளக் கரைகளின் மாங்காய் போர்த்துகீசியத்தில் 'மங்கா'. புளிக்கு இரு மொழிகளிலும் 'தமரிந்தோ' என்று பெயர். 'இந்தியப் பேரீச்சை' என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. தங்கள் ஊரின் புளி ஸ்பெயின்வரை போயிருக்கிறது என்பதில் மாணவர்களுக்குத் தனி மகிழ்ச்சி.

தேர்வில் 'பணம்' என்று எழுத வேண்டும் என்பதை இப்போதும் சொல்லித்தருகிறேன். எழுத்துத் தமிழ் பிள்ளைகளுக்கு அவசியம் வேண்டும். ஆனால் வீட்டுச் சொல்லை இழிவு என்று சொல்லித்தான் அதைக் கற்பிக்க வேண்டும் என்பதில்லை.

தலையசைத்தே பதில் சொல்லிவந்த அந்த மாணவன் கொண்டுவந்த சொல் 'ஏலம்'. அவன் அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்பவர். விடியற்காலையில் கூடை கூடையாக எப்படி ஏலம் கேட்பார்கள் என்று பத்து நிமிடம் நின்று பேசினான். நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.