காற்றிலே கலந்த கரி யாருடையது?

உலகம் வெப்பமடைந்து வருகின்றது என்பதை இன்று மறுப்பவர் மிகச் சிலரே. 1850 முதல் 1900 வரையுள்ள காலத்தின் சராசரியோடு ஒப்பிடுமிடத்து, 2011 முதல் 2020 வரையுள்ள பத்தாண்டுகளில் நிலவுலகின் மேற்பரப்பு ஏறக்குறைய 1.1 பாகை செல்சியசு கூடுதலான வெப்பமுடையதாயிருந்தது. வெப்பமானிகள் கூறும் இச்செய்தியை ஏற்றுக்கொள்பவருள்ளும் பலர் அடுத்த வினாவிலே தயங்குகின்றனர். உலகம் முன்னரும் வெம்மையுற்றதுண்டு, குளிர்ந்ததுமுண்டு. மனிதன் தோன்றுமுன்னரே பனிக்காலங்கள் வந்து போயின. அவ்வாறிருக்க, இம்முறை நிகழும் மாற்றத்துக்கு மனிதனே காரணன் என்று எவ்வாறு துணிவது? எரிமலைகள் இல்லையா? கடல் இல்லையா? ஞாயிறு இல்லையா?

இது புறந்தள்ளத்தக்க வினாவன்று. இதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே மேற்கொண்டு செய்யவேண்டியவை அமையும். இயற்கையின் செயலாயின், மனிதர் செய்யக்கூடியது கடற்கரையை விட்டுப் பின்வாங்குவதும் வரட்சியைத் தாங்கும் பயிரைத் தேடுவதுமே. மனிதரின் செயலாயின், அதனைக் குறைப்பதும் மனிதரின் கையிலேயே உள்ளது. ஆதலின், நீதிமன்றத்தில் ஒரு வழக்கை விசாரிப்பது போன்று இதனை விசாரித்தல் வேண்டும். சந்தேகத்துக்குரியவர் பலர் உளர். சாட்சிகள் எவை, அவை யாரைச் சுட்டுகின்றன என்பதே ஆராயத்தக்கது.

காபனீரொட்சைட்டு என்னும் வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்க வல்லது என்பது புதிய கண்டுபிடிப்பன்று. 1856 ஆம் ஆண்டில் யூனிசு பூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். காபனீரொட்சைட்டு நிரப்பிய குழாயே மிக அதிகமாகச் சூடேறிற்று. வெயிலினின்று எடுத்த பின்னரும் ஆறுவதற்கு நெடுநேரம் பிடித்தது. அவர் எழுதிய கட்டுரையை விஞ்ஞானிகளின் கூட்டத்தில் வேறொருவரே வாசித்தார். அதன் பின்னர் அப்பெண்மணியின் பெயர் நூற்றைம்பது ஆண்டுகள் வரை மறக்கப்பட்டுக் கிடந்தமை விஞ்ஞான வரலாற்றுக்குப் பெருமை தருவதன்று. 1859 இல் இலண்டனில் யோன் திண்டல் இன்னும் நுட்பமான கருவியொன்றைச் செய்து, காற்றின் பெரும் பகுதியாகிய நைதரசனும் ஒட்சிசனும் வெப்பக் கதிர்களைத் தடையின்றிச் செல்லவிடுகின்றன என்றும், மிகச் சிறு அளவிலுள்ள நீராவியும் காபனீரொட்சைட்டுமே அக்கதிர்களை உறிஞ்சுகின்றன என்றும் காட்டினார். 1896 இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரேனியசு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு இருமடங்கானால் உலகின் வெப்பம் 5 அல்லது 6 பாகை உயரும் எனக் கையாலேயே கணக்கிட்டார். இன்றைய கணிப்பு 2.5 முதல் 4 பாகை வரையாகும். குளிர்நாட்டவராகிய அரேனியசு அவ்வுயர்வை ஒரு நன்மையெனவே கருதினார் என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஆகவே வாயுவின் இயல்பு தெரிந்திருந்தது. அது காற்றிலே கூடுகின்றதா என்பதே தெரியாதிருந்தது. 1938 இல் நீராவித் துறை எந்திரவியலாளராகிய கலண்டர் என்னும் ஆங்கிலேயர், உலகெங்குமுள்ள 147 நிலையங்களின் வெப்பநிலைக் குறிப்புக்களைத் திரட்டி, உலகம் வெம்மையடைகின்றது என்றும் அதற்கு நிலக்கரிப் புகையே காரணம் என்றும் கூறினார். வானிலை அறிஞர் பலர் அவரை நம்பவில்லை. கடலிலே காற்றிலுள்ளதைப் போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு காபன் உண்டு. மனிதர் வெளியிடும் சிறுபகுதியைக் கடல் விழுங்கிவிடும் என்பது அவர்கள் எண்ணம். அக்காலத்து அளவீடுகளோ இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் வேறுபட்டன. ஒன்றையும் உறுதியாகக் கூற இயலவில்லை.

இந்நிலையை மாற்றியவர் சாள்சு டேவிட் கீலிங் என்னும் இளம் இரசாயன அறிஞர். அவருடைய அளவீடு நடந்த இடம் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா என்னும் மலை. பசுபிக் சமுத்திரத்தின் நடுவே, ஏறக்குறைய 3,400 மீற்றர் உயரத்தில், ஆலைகளுக்கும் காடுகளுக்கும் வெகு தொலைவில் அமைந்திருந்தது அந்நிலையம். அங்கு வீசும் காற்று ஓர் ஊரின் காற்றன்று. உலகின் காற்று எனலாம். 1958 மார்ச்சு மாதத்தில் அவர் கண்ட முதலளவு, பத்து இலட்சம் பங்கு காற்றிலே 313 பங்கு காபனீரொட்சைட்டு என்பது. அடுத்த மாதங்களில் அது ஏறிற்று. மே மாதத்துக்குப் பின்னர் இறங்கிற்று. இலையுதிர் காலத்தில் மீண்டும் ஏறத் தொடங்கிற்று. முதலில் இதன் காரணம் விளங்கவில்லை. ஆண்டொன்று கழிந்தபோது அதே ஏற்றமும் அதே இறக்கமும் திரும்பி வந்தன. உலகின் நிலப்பரப்பிற் பெரும் பகுதி வடவரைக்கோளத்தில் உள்ளது. அங்குள்ள செடிகொடிகள் கோடையிலே தழைக்கும்போது காபனீரொட்சைட்டை உட்கொள்கின்றன. குளிர் காலத்தில் இலைகள் உதிர்ந்து மட்கும்போது அதனைத் திருப்பி விடுகின்றன. தாவர உலகம் ஆண்டுக்கொருமுறை மூச்சு விடுவதைக் கீலிங் கண்டார்.

ஆயின் அம்மூச்சு பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஒவ்வோராண்டும் ஏற்றத்தின் உச்சி முந்திய ஆண்டினும் உயர்ந்தது. இறக்கத்தின் அடியும் உயர்ந்தது. 1959 இல் சராசரி 316 பங்கு. 2024 இல் அது 424ஐத் தாண்டிற்று. பணமின்மையால் 1964 ஆம் ஆண்டின் முற்பகுதியில் சில மாதங்கள் அளவீடு நின்றுபோயிற்று. அவ்விடைவெளியை இன்றும் அவ்வரைபடத்திலே காணலாம். பயன் உடனே தெரியாத வேலைக்கு உலகம் கைப்பொருள் கொடுக்கத் தயங்குவது எந்நாட்டிலும் ஒன்றே. கீலிங் விடாது முயன்றமையாலேயே அத்தொடர் பிழைத்தது.

அந்தாட்டிக்காப் பனிக்கட்டியில் அகப்பட்ட பழங்காற்றுக் குமிழிகள் இதற்கு முந்திய கதையைச் சொல்கின்றன. அங்கு ஆழத் துளைத்தெடுத்த கட்டிகளில் 8,00,000 ஆண்டுகளின் காற்று அடங்கியுள்ளது. அந்நெடுங்காலம் முழுவதும் இவ்வாயு ஏறக்குறைய 300 பங்கைக் கடந்ததில்லை. எந்திரத் தொழில்கள் பெருகுமுன்னர் அது 280 பங்காய் இருந்தது.

கூடியது உண்மை. கூட்டியவர் யார்? வழக்கின் உயிர்நிலை இதுவே.

பாலில் நீர் கலந்திருக்கின்றதா என ஐயுறுவோர் பால்மானியை இட்டுப் பார்ப்பர். காற்றுக்கும் அத்தகைய சோதனை உண்டு. காபன் என்னும் மூலகத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடையுடையன அல்ல. பெரும்பாலானவை காபன் 12; நூற்றுக்கு ஒன்று என்னும் அளவில் காபன் 13; மிக அருமையாக, ஓர் இலட்சங் கோடிக்கு ஒன்று என்னும் அளவில் காபன் 14. இவற்றைச் சமதானிகள் என்பர். இவற்றுள் காபன் 14 நிலையற்றது. விண்வெளிக் கதிர்களால் உயர் வளியிலே புதிதாய்த் தோன்றிக்கொண்டிருப்பது; தோன்றியபின் 5,730 ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடுவது. உயிருள்ள மரத்தில் அது உண்டு. நிலக்கரியும் பெற்றோலியமுமோ பல இலட்சம், பல கோடி ஆண்டுகளாக மண்ணுள் அடைந்து கிடந்தவை; அவற்றில் காபன் 14 அறவே தேய்ந்துவிட்டது. ஆகவே அவற்றின் புகை காற்றிலே கலந்தால், பாலில் நீர் கலந்தது போன்று, காற்றின் காபன் 14 நீர்த்துப்போதல் வேண்டும். 1955 இல் ஹான்சு சூயசு என்னும் அறிஞர் மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து, பிந்திய வளையங்களில் காபன் 14 குறைந்திருப்பதைக் கண்டார். அவர் தக்க காலத்தில் ஆராய்ந்தார் என்றே சொல்லல் வேண்டும். ஏனெனில், அடுத்த சில ஆண்டுகளில் வல்லரசுகள் வானிலே வெடித்துச் சோதித்த அணுகுண்டுகள் காற்றின் காபன் 14ஐ ஏறக்குறைய இருமடங்காக்கி அத்தடயத்தைக் குழப்பிவிட்டன.

இவ்விடத்தில் எதிர்வாதி எழுந்து, எரிமலையின் புகையிலும் காபன் 14 இல்லையே எனலாம். அது மெய். ஆதலின் இரண்டாம் சாட்சியை அழைத்தல் வேண்டும். ஒளித்தொகுப்பின்போது தாவரங்கள் பாரங்குறைந்த காபன் 12ஐயே விரும்பி எடுக்கின்றன. காபன் 13ஐ ஓரளவு ஒதுக்குகின்றன. நிலக்கரியும் எண்ணெயும் பண்டைக்காலத் தாவரங்களிலும் நுண்ணுயிர்களிலும் இருந்து வந்தவை. ஆகவே அவற்றில் காபன் 13 குறைவு. எரிமலைப் புகையில் அவ்வளவு குறைவில்லை. காற்றிலுள்ள காபன் 13இன் பங்கோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. புதிதாய்ச் சேர்ந்த காபன் மிகப் பழையது என்று முதற்சாட்சி கூறிற்று. உயிர்ப்பொருளிலிருந்து வந்தது என்று இரண்டாம் சாட்சி கூறுகின்றது. பழையதும் உயிர்ப்பொருளிலிருந்து வந்ததுமாகிய காபன் நிலத்தடி எரிபொருளன்றி வேறெதுவாகும்?

மூன்றாம் சாட்சி ஒட்சிசன். எரிதல் என்பது காபன் ஒட்சிசனோடு கூடுவதே. எரிமலை தன் வாயுவை ஆயத்தமாகவே கக்குகின்றது. கடலும் கரைந்திருந்த வாயுவையே வெளிவிடும். இவை காற்றின் ஒட்சிசனைச் செலவிடுவதில்லை. கீலிங்கின் மைந்தர் இரால்வு கீலிங் 1980களின் இறுதி தொடக்கம் ஒட்சிசனை மிக நுட்பமாக அளந்து வருகின்றார். அது குறைந்துகொண்டே செல்கின்றது. மூச்சுமுட்டும் என்று அஞ்சத்தக்க குறைவன்று. கணக்குப் பார்க்கப் போதிய குறைவு.

கடலைப் பற்றிய ஐயம் பெரும்பாலும் இத்துடன் தீரும். எஞ்சியதைக் கடல்நீரே தீர்க்கின்றது. கடலிலிருந்து வாயு வெளியேறியிருப்பின் கடலில் அது குறைந்திருத்தல் வேண்டும். மாறாக, கடலிலும் காபன் கூடி, அதன் நீர் சிறிது சிறிதாக அமிலத்தன்மை நோக்கிச் செல்கின்றது. கடன் கொடுத்தவன் பெட்டியில் பணம் பெருகுமா? கடல் இங்கே கொடுத்தவனல்லன், வாங்கியவன். மனிதர் எரிபொருள்களாலும் தொழில்களாலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3,700 கோடி தொன் காபனீரொட்சைட்டை வெளியிடுகின்றனர். அதில் ஏறத்தாழ நாலிலொரு பங்கைக் கடல் எடுத்துக்கொள்கின்றது. மற்றொரு பங்கைத் தாவரங்களும் மண்ணும் எடுக்கின்றன. பாதிக்குச் சற்றுக் குறைவானது காற்றில் தங்குகின்றது. எரிமலைகள் யாவும் ஓராண்டில் வெளியிடுவது மனிதர் வெளியிடுவதில் நூற்றுக்கு ஒரு பங்கும் இல்லை.

ஞாயிற்றின் மீதான ஐயம் எஞ்சியுள்ளது. 1978 தொடக்கம் செய்மதிகள் ஞாயிற்றின் ஒளியை வளிமண்டலத்துக்கு வெளியே நின்று அளந்து வருகின்றன. பதினோராண்டுக்கொருமுறை அது சிறிது கூடிக் குறைகின்றதேயன்றித் தொடர்ந்து உயரவில்லை. இதனினும் வலிய சான்று உயர் வளியில் உண்டு. ஞாயிறு வெம்மை கூட்டியிருப்பின் கீழ் வளியும் அதன் மேலுள்ள படைமண்டலமும் ஒருங்கே சூடேறியிருத்தல் வேண்டும். காபனீரொட்சைட்டுக் காரணமாயின் நிகழ்வது வேறு. கீழே அது வெப்பத்தைத் தடுத்துவைக்கும். காற்று மெலிந்த உயரத்திலோ வெப்பத்தை விண்வெளிக்குக் கதிராய் வீசிவிடும். எனவே கீழ்ப்பகுதி சூடேற, மேற்பகுதி குளிரும். யப்பானிற் பிறந்த மனாபேயும் அவருடைய துணைவர் வெதரால்டும் 1967 இலேயே இவ்வாறு நிகழும் எனக் கணித்திருந்தனர். பின்னர் அளந்தபோது அவ்வாறே இருந்தது. ஓசோன் படை நலிந்தமையும் அக்குளிர்ச்சிக்கு ஒரு காரணமே. ஆயினும், கீழே சூடும் மேலே குளிரும் என்னும் கோலத்தை ஞாயிற்றின்மேற் சுமத்த வழியில்லை. மனாபேக்கு 2021 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசின் ஒரு பங்கு கிடைத்தது.

திண்டல் ஒரு குழாயினுள்ளே கண்டதை வானம் முழுவதிலும் காணவும் வழி பிறந்தது. 1970 இல் ஒரு செய்மதியும் 1997 இல் வேறொரு செய்மதியும் நிலவுலகிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்களைப் பதிவுசெய்தன. இலண்டனில் அறிஞர் சிலர் இரண்டையும் ஒப்பிட்டு 2001 இல் முடிவை வெளியிட்டனர். காபனீரொட்சைட்டும் மீதேன் வாயுவும் எவ்வகைக் கதிர்களை உறிஞ்சுமோ, அவ்வகைக் கதிர்களே குறைவாக வெளியேறியிருந்தன. பல நாட்டரசுகள் சேர்ந்தமைத்த காலநிலை ஆய்வுக் குழு, மனிதரால் உலகம் வெம்மையுற்றது ஐயத்துக்கிடமற்றது என 2021 இல் எழுதியது இத்தகைய சான்றுகள் பலவற்றையும் நிறுத்துப் பார்த்த பின்னரேயாகும்.

எரிமலையை முற்றாக விடுவிக்குமுன் ஒன்று கூறல் வேண்டும். கீலிங்கின் நிலையம் நிற்கும் மௌனா லோவாவே ஓர் எரிமலை. அதன் வாயிலிருந்து கசியும் வாயு அளவைக் கெடுக்காதா எனப் பலர் கேட்பதுண்டு. இரவிலே மேலிருந்து இறங்கும் காற்றோடு அவ்வாயு வருவதுண்டு. வரும்போது அளவு சீரின்றித் துள்ளுவதால் அதனைப் பிரித்தறிந்து விலக்கிவிடுகின்றனர். 2022 நவம்பர் மாத இறுதியில் அம்மலை 38 ஆண்டுகளுக்குப் பின்னர் மெய்யாகவே வெடித்தது. தீக்குழம்பு பாதையை மூடி மின்கம்பிகளை அறுத்தது, கருவிகள் நின்றன. சில நாட்களில் அறிஞர் அயலிலுள்ள மௌனா கியா மலையுச்சியிலே வேறொரு கருவியை வைத்து அளவிடத் தொடங்கினர். 2022 மே மாதத்தில் 421 பங்காயிருந்த காபனீரொட்சைட்டு, 2023 மே மாதத்தில் ஏறக்குறைய 424 பங்காயிருந்தது.