0.1 ஓம் செய்யும் வேலை

"எல்எம்317 ரெகுலேட்டர் வைத்து பவர் சப்ளை செய்துவிட்டேன். ஆம்பியரும் காட்ட என்ன சேர்க்க வேண்டும்?" என்று பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. வோல்ட்டை மட்டும் காட்டும் பெட்டி பாதிச் சேதியைத்தான் சொல்லும். 20 மில்லிஆம்பியர் இழுக்க வேண்டிய போர்டு 400 இழுத்தால் எங்கோ ஷார்ட். புகை வருமுன் அதைச் சொல்வது ஆம்பியர் மீட்டர்தான்.

டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், கெப்பாசிட்டர் கதைக்குள் போகவில்லை. ரெகுலேட்டருக்கு முன்னால், மின்னோட்டம் போகும் வழியில் 0.1 ஓம் ஷன்ட் ரெசிஸ்டர் ஒன்றை வையுங்கள். 1 ஆம்பியர் ஓடினால் அதன் இரு முனைகளுக்கிடையே 100 மில்லிவோல்ட் நிற்கும். அதை அளந்தால் ஆயிற்று. ரெகுலேட்டருக்கு முன்னால் வைப்பதால் வெளியே வரும் வோல்ட் குறையாது. எல்எம்317-உடன் வழக்கமாகச் சேர்க்கும் 240 ஓம் ரெசிஸ்டர் வழியே போகும் 5 மில்லிஆம்பியரை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் கம்பியை எங்கே பற்றவைப்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 0.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி 20 செ.மீ. நீளம் இருந்தாலே சுமார் 0.007 ஓம். அதையும் சேர்த்து அளந்தால் மீட்டர் 7 சதவீதம் கூட்டிக் காட்டும். நெல்லை எடை போடும்போது சாக்கையும் சேர்த்து நிறுத்த மாதிரி. மீட்டருக்கென்று இரண்டு மெல்லிய கம்பிகளைத் தனியாக எடுத்து, ஷன்டின் உடலை ஒட்டியே சால்டர் வையுங்கள். அவற்றில் மின்னோட்டம் அநேகமாக ஓடாது. எவ்வளவு நீளமானாலும் கவலையில்லை.

செம்புக் கம்பியையே ஷன்டாகச் சுற்றிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். டிகிரிக்கு 0.39 சதவீதம் அதன் மின்தடை ஏறும். 25 டிகிரி சூடானால் கிட்டத்தட்ட 10 சதவீதம் பிழை. 1892-இல் எட்வர்ட் வெஸ்டன் உருவாக்கிய மாங்கனின் என்ற கலப்பு உலோகம் இருக்கிறதே, அதிலும் பெரும்பங்கு செம்புதான். சுமார் 12 சதவீதம் மாங்கனீசும் கொஞ்சம் நிக்கலும் சேர்ந்ததும், அறைவெப்பத்தை ஒட்டி அதன் மின்தடை அநேகமாக அசைவதே இல்லை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுக்காத அதிசயம் இது.

பழைய அம்மீட்டர்களுக்குள் இந்த உலோகப் பட்டை இருக்கும். அவற்றை உடைத்துச் செம்பு விலைக்குப் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. காயலான் கடையில் கண்ணில் பட்டால் ஷன்டுக்காகக் கேட்டு வாங்கிவிடுங்கள். பெட்டியை முடித்ததும் அவசரப்படாமல், 230 வோல்ட் நுழையும் பக்கம் ஃபியூஸ் போட்டு, உலோக உறைக்கு எர்த் கொடுத்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.