நேர்த்தித் திரியும் வீட்டுத் திரியும்

செவ்வாய்க்கிழமைகளில் தெமட்டகொடையிலிருந்தும் சனம் கொட்டாஞ்சேனைப் பக்கம் புறப்படுகிறது. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் மெழுகுதிரி கொளுத்தத்தான். கத்தோலிக்கரோடு சைவர்களும் பௌத்தர்களும் அங்கே நிற்பதைக் காணலாம்.

வன்னியில் வயல் செய்தவர். போரில் இடம்பெயர்ந்து, இப்போது தெமட்டகொடையில் ஒரு பலகை அறையில் குடியிருக்கும் தாய். அவர் எங்களிடம் கேட்டார்: "ஐயா, கோயிலுக்கு வாங்கின திரியிலை மிச்சத்தை வீட்டை கொளுத்தலாமோ?" பாவமா என்று கேட்கிறார் என நினைத்தோம். அவர் பயந்தது நெருப்புக்கு. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது, பாயில் இருந்து படித்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் திரி சரிந்து விழுந்ததாம்.

கேள்வி சின்னதுதான். ஆனால் கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் வாழ்ந்த எவருக்கும் அதன் பாரம் தெரியும்.

நேர்த்தித் திரி வெளிச்சத்துக்காக எரிவதல்ல. வேண்டுதலைச் சொல்லி, கொளுத்தி, அங்கேயே விட்டுவிட்டு வருவது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று அந்தத் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அதே நாளில் தெமட்டகொடையில் ஒரு வீட்டிலும் வெடித்து, பொலிசார் மூவர் இறந்தனர். ஜூன் 12 அன்று ஆலயம் மறுபடி திறக்கப்படும்வரை சனம் வெளியே தெருவில் நின்று திரி கொளுத்தியது. பட்டப்பகலில் யாருக்கு வேண்டும் வெளிச்சம்?

எங்கள் ஆலயங்களில் இதற்குப் பெரும்பாலும் மெல்லிய திரிகளே. இரும்புத் தட்டிலோ மணலிலோ நெருக்கமாகக் குத்துவார்கள். ஒன்றின் சூட்டில் மற்றது வளையும், உருகி வழியும். தட்டு அதைத் தாங்கிக்கொள்ளும், பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கும். அந்தத் திரியைத் தனியே சீமெந்துத் தரையில் ஒட்டி வைத்தால் காற்றுக்கு நிற்காது. தாயின் அறையில் நடந்ததும் இதுதான்.

மேல்நாட்டு ஆலயங்களில் நேர்த்திக்கென இன்னொரு வகை உண்டு. இரண்டு அங்குல உயரத்தில் குள்ளமாக, கண்ணாடிக் குவளைக்குள் வைப்பது. கொழும்புக் கடைகளிலும் வாசனை சேர்த்து விற்கிறார்கள். இதன் மெழுகு முழுவதும் எண்ணெய்போல் உருகிவிடும்படி செய்யப்பட்டது. குவளை அதைப் பிடித்து வைப்பதால் பத்து மணித்தியாலத்துக்கு மேலும் எரியும். அழகுக்கென்று தட்டில் தனியே வைத்தால் மெழுகு ஓடிவிடும், நூல் சாயும். தடித்த தூண்திரி அப்படியல்ல. அதன் மெழுகு கடினமானது. நடுவில் சிறு குளம்போல் உருகும், சுற்றுச்சுவர் நிற்கும். அதனால் குவளையில்லாமலே நிற்க வல்லது.

பலிபீடத் திரியின் கதை வேறு. நெடுங்காலமாக அதற்குத் தேன்மெழுகே வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்காக இருந்தது. பாஸ்கா இரவில் பாடப்படும் புகழுரையில் தேனீக்களின் உழைப்பும் சொல்லப்படுகிறது. காடும் தேனும் அறிந்த எங்கள் விவசாயிகளுக்கு இது பிடிக்கும். தேன்மெழுகு 62 பாகை செல்சியசுக்கு மேலேதான் உருகும். இன்று கடைகளில் விற்பது அநேகமாக பாரபின். அது பெற்றோலியத்திலிருந்து வருவது, மலிவு. பல வகைகள் இதற்குக் குறைந்த சூட்டிலேயே இளகும்.

வீட்டில் திரி வார்த்து விற்கும் வாசகர்களுக்கு ஒரு சொல்: நூலைக் கவனியுங்கள். முறுக்கிய நூலை முன்பு கத்தரிக்கோலால் அடிக்கடி வெட்டவேண்டியிருந்தது. 1820களில் பிரான்சில் பின்னிய பருத்தி நூல் வந்தது. அது எரியும்போது வளைந்து, நுனி சுவாலையின் ஓரத்தில் தானே எரிந்துவிடும். தடித்த திரிக்கு மெல்லிய நூல் போட்டால் மெழுகில் மூழ்கி அணையும். மெல்லிய திரிக்குத் தடித்த நூல் போட்டால் புகையும். மெழுகுச் சட்டியை நேரே அடுப்பில் வைக்கவேண்டாம், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள்.

இனி அந்தத் தாயின் கேள்வி. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமில்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் இன்று பெற்றோர். சரிந்த குப்பி விளக்குகளால் எரிந்து வந்தவர்களைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குள்ளமான, பாரமான, தட்டையான பக்கங்களுள்ள, திருகு மூடியிட்ட விளக்கு ஒன்றை உருவாக்கினார். அதற்காக 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் கண்டது எளிய விடயம்: விளக்கு சரியக்கூடாது, சரிந்தாலும் உருளக்கூடாது, சிந்தக்கூடாது.

திரிக்கும் அதே கணக்கு. மிச்சத் திரியைக் கொளுத்தலாம், ஆனால் தரையில் ஒட்டவேண்டாம். அகன்ற மண்சட்டியில் மணல் நிரப்பி, நடுவில் ஆழமாகக் குத்துங்கள். கிடுகுக்கும் சீலைக்கும் நுளம்பு வலைக்கும் தள்ளி வையுங்கள். படுக்க முன் அணையுங்கள். நேர்த்தியென்று சொல்லி விடியும்வரை எரியவிட வீடு ஆலயமல்ல. சட்டியில் மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது சீறிப் பரவும். சட்டி மூடியை எடுத்து மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காதிருங்கள்.