உங்களுக்குத் தெரியுமா? டா நாங்கில் எல்லோரும் லட்சாதிபதிதான்!

வியட்நாமின் மிகப் பெரிய நோட்டு 5,00,000 டாங். நம்மூர்க் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய்கூடத் தேறாது! கடற்கரை நகரமான டா நாங்கில் குடியேறும் வெளிநாட்டினருக்குச் சாப்பாட்டுச் செலவு ஒரு பொருட்டே இல்லை. பட்டையான மஞ்சள் நூடுல்ஸ், மேலே வேர்க்கடலை, நொறுக்கிப் போட்ட அரிசி அப்பளம் என்று வரும் ‘மீ குவாங்’ ஒரு கிண்ணம், தெருக்கடையில் நூற்றைம்பது ரூபாய்க்குள் வயிற்றை நிரப்பிவிடும். கையைக் கடிப்பது கரன்ட் பில்தான். அங்கும் யூனிட் ஏற ஏற விலை ஏறும். கோடையில் ஏசியை அணைக்க யாருக்கு மனம் வரும்? வாடகை பேசும்போதே யூனிட் விலையையும் கேட்டுவிடுங்கள். 2023 ஆகஸ்ட் முதல் இ-விசா 90 நாள்வரை கிடைக்கிறது. அது முடிந்ததும் லாவோஸ் எல்லைவரை பஸ்ஸில் போய்த் திரும்புகிறவர்கள் உண்டு; டிக்கெட்டும் புது விசாக் கட்டணமும் தனி.