நம்பர் யார் சட்டைப்பையில் இருக்கிறது?

ஜூலை கடைசி வாரத்தில், வருமான வரிக் கணக்குத் தாக்கல் நெருக்கும் நேரத்தில், ஏதாவது ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மேஜைக்கு மேஜை செல்போன் அதிர்ந்துகொண்டிருக்கும். ஜவுளிக்கடைக்காரர் பேசவேண்டியது ஜி.எஸ்.டி. பார்க்கும் பெண்ணிடம். அவரிடம் இருப்பதோ, அங்கே பயிற்சிக்கு வந்து, சி.ஏ. முடித்து, இப்போது தனியாக போர்டு மாட்டிவிட்ட பையனின் நம்பர். "அதுக்கென்னண்ணே, நானே பார்த்துத் தர்றேன்" என்று அவன் சொல்லிவிட்டால் முடிந்தது. கட்சிக்காரர் கைமாறிப்போனதே பழைய ஆடிட்டருக்குத் தெரியாது. போன் அடித்தது வேறொருவர் சட்டைப்பையில் அல்லவா?

சின்ன அலுவலகங்களுக்கு இணையத் தொலைபேசி விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. "செலவு மிச்சம் சார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். இது அமெரிக்காவிலிருந்து அப்படியே வந்த பேச்சு. 1995-ல் இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் கணினி வழியாகப் பேசும் மென்பொருளை விற்கத் தொடங்கியபோது, தொலைதூர அழைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டியவர்களுக்கு அது பெரிய மிச்சம்தான். நம் ஊர்க் கதை வேறு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததற்குப் பிறகு, உள்நாட்டில் பேசுவதற்குத் தனியாகக் காசு என்ற எண்ணமே போய்விட்டது. ஒரு செல்போன் நிறுவனம் இன்னொன்றுக்குக் கொடுத்துவந்த நிமிடத்துக்கு 6 பைசாவும் 2021 ஜனவரி 1 முதல் இல்லை. ஆகவே மிச்சத்துக்காக என்றால் இந்த ஏற்பாடு தேவையே இல்லை. நம்பர் ஆளுக்குச் சொந்தமாக இல்லாமல் அலுவலகத்துக்குச் சொந்தமாக இருக்கவேண்டும் என்பதற்காக என்றால், ஐந்தாறு பேர் வேலைசெய்யும் இடத்துக்குக்கூட இது தேவை.

இதில் பயப்பட ஒன்றுமில்லை. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கி, அந்தப் பெட்டியில் போன் சொருகியிருக்கிறீர்களா? அப்படியானால் ஏற்கெனவே இணையத் தொலைபேசியில்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் குரலை அந்தப் பெட்டி நொடிக்கு 50 பொட்டலங்களாக நறுக்கி அனுப்புகிறது. ஒவ்வொன்றிலும் 20 மில்லிசெகண்ட் பேச்சு. அழைப்பை உண்டாக்குவதும் முடிப்பதும் எஸ்.ஐ.பி. என்கிற நெறிமுறையின் வேலை. 1999-ல் முதலில் வெளியாகி, 2002-ல் திருத்தி எழுதப்பட்ட வடிவம்தான் இன்றும் அடிப்படை. எஸ்.ஐ.பி. ஒரு கல்யாணத் தரகர் மாதிரி: இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைப்பதோடு சரி, பேச்சு அவர் வழியாகப் போவதில்லை. குரல் தனிப் பாதையில் போகிறது. பின்னால் வரும் பல தலைவலிகளுக்குக் காரணமே இந்த இரண்டு பாதைதான்.

அலுவலகத்துக்கு என்று வரும்போது நடுவே ஒரு எக்ஸ்சேஞ்ச் வேண்டும். முன்பு சுவரில் மாட்டிய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி செய்த வேலை அது. அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற கல்லூரி மாணவர் 1999-ல் லினக்ஸ் சம்பந்தமாக உதவி செய்யும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். எக்ஸ்சேஞ்ச் பெட்டி வாங்கப் பணமில்லை. கணினிதான் இருக்கிறதே என்று தானே ஒன்றை எழுதிக்கொண்டார். அதுதான் ஆஸ்டரிஸ்க். இலவசமாகக் கொடுத்தார், உலகமெங்கும் பரவியது. இன்று கடையில் விற்கும் பல ஐ.பி. எக்ஸ்சேஞ்சுகளின் வயிற்றுக்குள் இருப்பதும் அதுவே. கட்டளை எழுதத் தெரியாதவர்களுக்கு, பிரவுசரில் சொடுக்கியே அமைக்கும்படி ஃப்ரீபிபிஎக்ஸ் இருக்கிறது. பத்து பேர் அலுவலகத்துக்கு ஒரு பழைய டெஸ்க்டாப்பே போதும்.

அதுவும் வேண்டாம் என்றால் மாத வாடகைக்குக் கிளவுட் சேவை. எக்ஸ்சேஞ்ச் அவர்களிடம் இருக்கும், நம் மேஜையில் போன் மட்டும். எது நல்லது? ஐந்து பேருக்குள் என்றால், கணினி பார்க்கத் தனி ஆள் இல்லை என்றால், கிளவுட் என்பேன். அலுவலகத்தில் கரண்ட் போனாலும் அழைக்கிறவருக்கு வரவேற்புக் குரல் கேட்கும். அழைப்பை செல்போனுக்குத் திருப்பலாம். ஆனால் இணைய இணைப்பு அறுந்தால் பக்கத்து மேஜைக்குக்கூடப் பேசமுடியாது, ஏனென்றால் அந்தப் பேச்சும் வெளியே போய்த்தான் திரும்புகிறது. குடோனும் கடையும் ஒரே காம்பவுண்டில் இருந்து, நாளெல்லாம் உள்ளுக்குள் பேசிக்கொண்டே இருக்கும் வியாபாரம் என்றால் சொந்தப் பெட்டிதான் சரி.

வெளியுலகத்தோடு பேச நம்பர் வேண்டும். அதை உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து எஸ்.ஐ.பி. டிரங்க் என்று கேட்டு வாங்கவேண்டும். முகவரிச் சான்று, நிறுவனப் பதிவு எல்லாம் கேட்பார்கள், கேட்கவேண்டும். இந்தியா 2002 ஏப்ரலில் இணையத் தொலைபேசியை அனுமதித்தபோது, கணினியிலிருந்து உள்நாட்டுத் தொலைபேசிகளுக்குப் பேசக் கதவு திறக்கவில்லை. அது திறந்தது 2018-ல்தான். அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் குறுக்குவழிச் சந்தை. வெளிநாட்டு அழைப்பை இணையம் வழியாக இறக்கி, பெட்டி நிறைய சிம் கார்டு வைத்து உள்ளூர் அழைப்பாக மாற்றிவிடும் 'சிம் பாக்ஸ்' ஆட்கள் பிடிபடும் செய்தி இன்றும் வருகிறது. இணையத்தில் முகம் தெரியாத யாரோ குறைந்த விலைக்கு நம்பர் தருகிறேன் என்றால், ஆவணம் எதுவும் வேண்டாம் என்றால், விலகிப்போய்விடுங்கள்.

லெட்டர்ஹெட்டிலும் பெயர்ப்பலகையிலும் ஏறிப்போன பழைய லேண்ட்லைன் நம்பரை விடவேண்டியதில்லை. தொலைபேசி ஒயரை ஒரு பக்கம் வாங்கி, மறுபக்கம் எக்ஸ்சேஞ்சுக்கு ஐ.பி.யாகக் கொடுக்கும் கேட்வே பெட்டி கிடைக்கிறது. வாங்கும்போது எஃப்.எக்ஸ்.ஓ. என்று கேளுங்கள். எஃப்.எக்ஸ்.எஸ். என்றால் பழைய போன் கருவியை மாட்டுவதற்கு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கடைக்காரரே சிலசமயம் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

இனி ஒயரிங். இதில்தான் காசு தேவையில்லாமல் போகிறது. போனுக்கு ஒன்று, கணினிக்கு ஒன்று என்று மேஜைக்கு இரண்டு கேபிள் இழுக்கச் சொல்வார்கள். பெரும்பாலான ஐ.பி. போன்களின் பின்னால் இரண்டு துளை உண்டு. சுவரிலிருந்து வரும் கேபிளை ஒன்றில் சொருகி, மற்றதிலிருந்து கணினிக்குக் கொடுத்துவிடலாம். கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுக்கும் சுவிட்ச் ஒன்று வாங்கினால் அடாப்டர்களும் தேவையில்லை. ஒரு துளைக்கு 15.4 வாட் வரை தருவது இதற்கான பழைய தரம். சாதாரண மேஜை போனுக்கு அதுவே தாராளம்.

மின்சாரம் என்றதும் ஒன்று சொல்லியாகவேண்டும். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டில் இருந்தாலும் போன் அடிக்கும். இப்போது அந்த வசதி போயிற்று. ஃபைபர் பெட்டி, ரூட்டர், சுவிட்ச், எக்ஸ்சேஞ்ச் நான்கில் எது அணைந்தாலும் போன் ஊமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு மின்வாரியம் நிறுத்துகிற நாளில்தான் இது உறைக்கும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பீர்கள். அது மாறுகிற அந்த ஒரு கண்சிமிட்டலில் ரூட்டர் அணைந்து திரும்ப எழும். எழுந்து, இணைப்பைப் பிடித்து, போன்கள் பதிவாகும்வரை வந்த அழைப்புகள் போனவைதான். நான்கையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டி, அந்த யு.பி.எஸ்.ஸை இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். விலை உயர்ந்த போன் வாங்கும் காசில் பாதியை இதற்குக் கொடுத்தால்கூடத் தகும்.

அடுத்தது வேகம். "எங்களிடம் 100 எம்.பி. லைன் இருக்கிறது" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஜி.711 என்ற வழக்கமான முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 90 கிலோபிட்தான் வேண்டும். பத்து பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 1 எம்.பி.க்குள் அடங்கும். குரலைக் கெடுப்பது தாமதமும் அதன் ஏற்ற இறக்கமும். ஒரு பக்கத்துத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அதைத் தாண்டிப் போகப்போக இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "சொல்லுங்க... இல்ல, நீங்க சொல்லுங்க" என்று உபசாரம் நடக்கும். மாலையில் டேலி பேக்கப் இணையத்தில் ஏறும்போதோ, சி.சி.டி.வி. படம் வெளியே போகும்போதோ குரல் உடைகிறது என்றால் காரணம் இதுவே. ரூட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் அமைப்பு இருக்கும். இல்லாத ரூட்டரை மாற்றிவிடுங்கள்.

ரூட்டரில் இன்னொரு பூதமும் உண்டு. எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒரு வசதி. உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு தரகரின் கடிதத்தைப் பிரித்துத் திருத்திவிடும். விளைவு, அவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. அல்லது அழைப்பு சரியாக அரை நிமிடத்தில் துண்டிக்கும். இந்த இரண்டு அறிகுறிகளில் எது தெரிந்தாலும் லைன் கொடுத்த நிறுவனத்தோடு சண்டைக்குப் போகுமுன் அதை அணைத்துப் பாருங்கள். வங்கிக்குப் போன் செய்து '1'-ஐ அழுத்தினால் அங்கே உறைக்கவில்லையா? பொத்தான் ஒலியைக் குரலோடு கலந்து அனுப்புகிறீர்கள். தனிப் பொட்டலமாக அனுப்பும்படி மாற்றவேண்டும். அமைப்பில் அது ஆர்.எஃப்.சி. 2833 என்ற பெயரில் இருக்கும்.

பணம் போகும் வழி ஒன்று இருக்கிறது. அதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எக்ஸ்சேஞ்சின் 5060 என்ற வாசலை இணையத்துக்குத் திறந்துவைத்தால், உலகத்தின் எங்கெங்கோ இருந்து நிரல்கள் வந்து கதவைத் தட்டத் தொடங்கிவிடும். எக்ஸ்டென்ஷன் 100, கடவுச்சொல்லும் 100 என்று வைத்திருந்தால் உள்ளே வந்துவிடுவார்கள். சனிக்கிழமை இரவு அலுவலகம் பூட்டியபிறகு, கட்டணம் அதிகமான வெளிநாட்டு நம்பர்களுக்கு உங்கள் லைனிலிருந்து அழைப்பு பறக்கும். திங்கட்கிழமை பில் உங்களுக்கு. அந்த நம்பர்களின் கட்டணத்தில் ஒரு பங்கு திருடனுக்குப் போகிறது என்பதுதான் இதிலுள்ள வியாபாரம். அந்த வாசலை வெளியே திறக்காதீர்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் வி.பி.என். வழியாக உள்ளே வரட்டும். ஒவ்வொரு போனுக்கும் நீளமான, மனப்பாடம் செய்யமுடியாத கடவுச்சொல் போடுங்கள்; ஒருமுறை தட்டச்சு செய்யப்போவதுதானே. வெளிநாட்டு அழைப்பு தேவையில்லை என்றால் உங்கள் பெட்டியில் மட்டுமல்ல, நிறுவனத்திடம் எழுதிக்கொடுத்தே ஐ.எஸ்.டி.யை மூடிவிடுங்கள்.

பயன்படுத்துவது பற்றி எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான அலுவலகத்தில் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' வேண்டாம். பெரிய கம்பெனி என்று யாரும் நினைக்கப்போவதில்லை; எரிச்சல்தான் வரும். வேண்டியே தீரும் என்றால் இரண்டு தேர்வு, அதற்கு மேல் கூடாது. வரவேற்புக் குரலை வாடகைக் குரலில் பதியாதீர்கள். தினம் போன் எடுக்கும் பெண்மணியே பேசட்டும். பழகிய குரல் கேட்டால் ஆள் வைத்துவிட்டுப் போகமாட்டார். காத்திருப்போருக்கு சினிமாப் பாட்டுப் போடுவது பதிப்புரிமை விவகாரம். உரிமையோடு இலவசமாகக் கிடைக்கும் இசை நிறைய இருக்கிறது, அதில் ஒன்றைப் போடுங்கள்.

அழைப்பு எப்படிச் சுற்றவேண்டும் என்பதைக் கணினியில் உட்காருமுன் தாளில் எழுதுங்கள். முதல் 15 விநாடி முன்மேஜை. எடுக்காவிட்டால் எல்லா மேஜையிலும் ஒன்றாக அடிக்கவேண்டும். அதற்கும் ஆள் இல்லையென்றால் பொறுப்பாளரின் செல்போன். மதியச் சாப்பாட்டு நேரம், ஞாயிறு, பொங்கல் விடுமுறை ஒவ்வொன்றுக்கும் தனி வழி. எடுக்காமல் போன அழைப்புகளின் பட்டியல் தினம் மாலை ஒருவர் கைக்கு வரவேண்டும், அந்த ஒருவர் யார் என்பதும் முடிவாகியிருக்கவேண்டும். உரையாடலைப் பதிவு செய்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் சட்டமே வந்துவிட்ட நாடு இது.

ஆளுக்கு ஒரு மேஜை போன் வேண்டாம், செல்போனில் செயலி போதும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று செல்போன் அந்தச் செயலியைத் தூங்கவைத்துவிடும். அமைப்பில் போய் அதற்கு விலக்கு கொடுத்தால்தான் மணி அடிக்கும். ஆபத்து நேரத்தில் 112-ஐ மட்டும் இந்தச் செயலியில் அழைக்காதீர்கள். நீங்கள் இருக்கும் இடம் சரியாகப் போய்ச்சேராது; செல்போனின் சொந்த சிம்மிலேயே அழையுங்கள். புது நம்பர் கிடைத்த உற்சாகத்தில் பழைய பட்டியலை எடுத்து விளம்பர அழைப்புகளை ஆரம்பித்துவிடவும் கூடாது. பதிவு செய்யாமல் அப்படி அழைப்பவர்களின் இணைப்புகளை எல்லாம் துண்டித்து, இரண்டு வருடம் வரை கறுப்புப் பட்டியலில் வைக்கும்படி டிராய் 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

கடைசியாக, கையெழுத்துப் போடுமுன் பார்க்கவேண்டிய வரி. செல்போன் நம்பரைப்போல லேண்ட்லைன் நம்பரை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும் வசதி இந்தியாவில் இல்லை. சேவையை மாற்றினால் நம்பர் மாறும். நிறுவிக்கொடுக்கிறவர், "என் பேரிலேயே நாலு லைன் இருக்கு சார், ஒண்ணை உங்களுக்குத் திருப்பி விடறேன்" என்பார். வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் அவரோடு மனஸ்தாபம் வந்தால் உங்கள் நம்பர் அவரோடு போய்விடும். விண்ணப்பத்தில் சந்தாதாரர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் நிறுவனத்தின் பெயரா என்று படித்துப் பாருங்கள், மாதப் பில்லும் அதே பெயருக்கு வரட்டும்.